அரபு எழுத்தில் உறங்கும் தமிழ்



ஒரு நூல் தமிழ்மொழியில் எழுதப்பெற்றுள்ளது. ஆயினும் தமிழ்ப் புலவரால் அதனைப் படித்தல் இயலாது. அரபு கற்றவர் அதனை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். ஆனால் அதிலுள்ள பழந்தமிழ்ச் சொல்லின் பொருள் அவர்க்கு விளங்காது. இருவர்க்கும் நடுவே அந்நூல் ஏதிலியாய்க் கிடக்கின்றது. இது விடுகதையன்று. அரபுத்தமிழ் என வழங்கும் நூல்களின் நிலையே இது.

தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த தமிழ் முசுலிம்கள் தம் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அரபில் பகரம் இல்லை. டகர, ணகர, ளகரங்கள் இல்லை. எகர ஒகரங்களும் இல்லை. ஆகவே இருந்த எழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய வடிவங்கள் கண்டனர். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை இலெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் அவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். எழுத்து அயலது, உயிர் தமிழ்.

தமிழ் எழுத்திலும் அவர்தம் கொடை பெரிது. பல்சந்தமாலையில் எஞ்சியவை சில பாடல்களே. 1572-இல் வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா எழுந்தது. அதன்பின் உமறுப் புலவர் ஐயாயிரம் பாடல்களுக்கு மேற்பட்ட சீறாப்புராணத்தைப் பாடினார். அரபு நாட்டை வருணிக்கும்போதும் அவர் மழை பொழிவித்து, ஆறு பெருக்கி, வயல் விளைவித்துத் தமிழ் நிலத்தையே அங்குக் கொண்டுபோய் வைத்தார். 1885-இல் இலங்கைச் சித்திலெப்பை எழுதிய அசன்பேயுடைய கதை, தமிழ்ப் புதினத்தின் தொடக்கக் கால நூல்களுள் ஒன்று.

"இந்நூல்களில் அரபும் பாரசீகமும் மலிந்துள்ளனவே, தனித்தமிழ் வேண்டுவோர் இவற்றை ஏன் பேணவேண்டும்?" என வினவுவோர் உண்டு. ஆய்தல் வேறு, ஆளுதல் வேறு. அயற்சொல்லை விலக்க வேண்டின் முதலில் அதனை அயற்சொல் என அறிதல் வேண்டும். அதற்கு அம்மொழி கற்றோர் வேண்டும். பாவாணர் பன்மொழி கற்றன்றோ தமிழின் வேரைக் காட்டினார்!

இன்னொரு மெய்ம்மையும் உண்டு. வக்கீல், வசூல் என்னும் சொற்கள் தமிழில் புகுந்தது தொழுகையின் வழியாக அன்று, ஆட்சியின் வழியாக. தமிழ் முசுலிமோ தம் வழிபாட்டைத் தொழுகை என்றார், நோன்பு என்றார், பெருநாள் என்றார், பள்ளிவாசல் என்றார். குழம்பை ஆணம் என்னும் வழக்கு அவர்தம் வீடுகளில் இன்றும் வாழ்கின்றது. இச்சொற்களின் வரலாற்றைத் தொகுக்காத தமிழ் அகராதி நிறைவுடையதாகுமோ?

ஆகவே இசுலாமியக் கல்வி பல்கலைக்கழகங்களில் முறையான ஆய்வுத்துறையாய் நிற்றல் வேண்டும். அது சமயப் பரப்பல் அன்று. பள்ளிவாசலில் நடப்பது நம்பிக்கைக் கல்வி. பல்கலைக்கழகத்தில் நடக்க வேண்டியது சான்று கேட்கும் கல்வி. ஏற்போரும் ஏலாரும் ஒரே பலகையில் அமர்ந்து நூலை ஆராயும் இடம் அது. அங்கு அரபும் அரபுத்தமிழ் எழுத்தும், இசுலாமிய வரலாறும் சட்டமும், தமிழ் இலக்கணமும் ஒருங்கே கற்பிக்கப்பெறுதல் வேண்டும். கற்பிக்கும் மொழி தமிழாதல் வேண்டும்.

இது கூடாத செயலன்று. இலங்கையில் பிறந்த ம. மு. உவைசு, முசுலிம்களின் தமிழ்ப்பணி பற்றிய தம் ஆய்வை 1953-இல் நூலாக்கினார். பின்னர் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் இசுலாமியத் தமிழ் இலக்கிய இருக்கையில் அமர்ந்தார். 1980-களில் தொடங்கி, அசுமல்கானுடன் இணைந்து இசுலாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக உருவாக்கினார். ஓர் இருக்கை இவ்வளவு செய்ததெனின், தமிழ்த்துறைதோறும் ஒருவர் இருப்பின் எவ்வளவு செய்யலாகும்!

காலம் காத்திராது. வீட்டுப் பெட்டிகளிலும் பழைய நிலைப்பேழைகளிலும் கிடக்கும் ஏடுகள் ஆண்டுக்காண்டு பொடிந்து வருகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். கறையான் சமயம் பார்த்து அரிப்பதில்லை. அது அரித்துத் தின்பது தமிழை. எழுத்தை அறிந்த மாணவரும் சொல்லை அறிந்த மாணவரும் ஓர் ஏட்டின்முன் கூடி அமரும் நாளே அந்நூல்கள் மீளும் நாள். அந்நாளை விரைந்து கொணர்வது தமிழுணர்வுடையார் அனைவர்க்கும் கடன்.