வயல் நீரில் வாழும் சிற்றுயிர்களும் பூச்சிநாசினிகளும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



நாசினி தெளித்து முடிந்ததும் தெளிகருவியை எங்கே கழுவுகின்றீர்கள்? நம்மிற் பலர் வாய்க்காலிலேயே கழுவுகின்றோம். ஓடும் நீர் நஞ்சைக் கொண்டுபோய்விடும் என்பது நமது எண்ணம். கொண்டுபோவது உண்மையே. எங்கே கொண்டுபோகின்றது, அங்கே எதைக் கொல்லுகின்றது என்பதையே இன்று எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு வெயிலிற் பிடித்துப் பாருங்கள். தத்தித் தத்தி நீந்தும் சிறு புள்ளிகள் தெரியும். அவற்றுட் சில நீர்த்தெள்ளுகள். இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தவை. இவை பாசியை உண்டு வாழ்வன; மீன்குஞ்சுகள் இவற்றை உண்டு வளர்வன.

பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு, பூச்சிக்கு உறவான இவ்வுயிர்களையும் தாக்கும். முன்னர் பரவலாகத் தெளிக்கப்பட்ட குளோர்பைரிபொஸ் என்னும் நாசினி ஓர் இலீற்றர் நீரில் ஒரு மைக்கிரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்திலொரு பங்கு, இருந்தாலே இரண்டு நாட்களுள் நீர்த்தெள்ளுகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றை அசைவிழக்கச் செய்யும். பைரெத்திரோயிட்டு வகை நாசினிகளும் இத்தகைய கொடுமையுடையனவே.

ஒரு கணக்குப் பாருங்கள். இலீற்றருக்கு 200 கிராம் நஞ்சுள்ள திரவத்தில் 5 மில்லிலீற்றர் போத்தலின் அடியில் எஞ்சினால், அதில் ஒரு கிராம் நஞ்சு உண்டு. அது பத்து இலட்சம் இலீற்றர் நீரை மேற்கூறிய நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஓர் ஏக்கர் பரப்பில் 10 அங்குல ஆழத்தில் நிற்கும் நீர் ஏறக்குறைய அவ்வளவேயாம்.

“சிற்றுயிர் செத்தால் நமக்கென்ன?” எனச் சிலர் கேட்கலாம். விதைத்த முதல் வாரங்களில் வயல் நீரிற் கடியாத சிறு ஈக்களின் குடம்பிகள் பெருகுகின்றன. இவை நெல்லுக்குத் தீங்கு செய்வதில்லை. சிலந்திகளும் நீரின்மேல் ஓடும் பூச்சிகளும் இவற்றையும் இவற்றிலிருந்து வெளிவரும் ஈக்களையும் தின்று பெருகி, பின்னர் வரும் கபிலநிறத் தத்தியைப் பிடித்துண்கின்றன. தும்பியின் இளம் பருவமோ நீரிலிருந்து நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். முன்கூட்டியே நாசினி தெளிப்பவர் தம் காவலாளரின் உணவையும் காவலாளரையும் ஒருங்கே அழிக்கின்றார். பின்பு தத்தி வந்தாற் தடுப்பாரில்லை.

இந்தோனேசியாவில் நடந்தது இதுவே. தெளிக்கத் தெளிக்கத் தத்தி பெருகியமையால் 1986 ஆம் ஆண்டில் அந்நாட்டரசு 57 நாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடைவிதித்தது. பின்னர் நாசினிப் பாவனை பெரிதுங் குறைந்தும் விளைச்சல் குன்றவில்லை.

ஆகையாற் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. விதைத்து முதல் 40 நாட்களில் இலையுண்ணும் புழுக்களைக் கண்டவுடன் தெளிக்காதீர்கள். பயிர் மட்டம் வெடித்துப் பெரும்பாலும் தானே தேறிவிடும்.

2. தெளிக்குமுன் பயிரின் அடியைத் தட்டி, தத்தியையும் சிலந்தியையும் எண்ணிப் பாருங்கள். ஐயமிருப்பின் உங்கள் போதனாசிரியரைக் கேளுங்கள்.

3. தெளிக்க நேரிட்டால் முன்னரே வரம்பின் உடைப்புகளை அடையுங்கள். சுட்டுத்துண்டிற் குறித்த நாட்கள்வரை வயல் நீரை வெளியே விடாதீர்கள். மழை வருமெனத் தோன்றினாற் தெளித்தலை ஒத்திப்போடுங்கள்.

4. வெற்றுப் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளியுங்கள். பின்பு போத்தலைத் துளையிடுங்கள்.

5. தெளிகருவியைக் கிணறு, வாய்க்கால், குளம் ஆகியவற்றுக்குத் தொலைவான மேட்டுநிலத்திற் கழுவுங்கள்.

6. மிளகாய், கத்தரி, வெங்காயம் செய்வோர், கிணற்றையும் வாய்க்காலையும் அடுத்துள்ள வரிசைகளுக்குத் தெளிக்காது விடுங்கள். காற்று நீர்நிலையை நோக்கி வீசும்போது தெளித்தலே ஆகாது.

வாய்க்கால் நீர் அடுத்தவர் வயலுக்கும் பிள்ளைகள் குளிக்கும் குளத்துக்கும் செல்கின்றது. நமது வயலிலிருந்து அது நஞ்சின்றிச் செல்லுமாறு பார்த்துக்கொள்வது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.