டாமி டக்ளஸ் கண்ட வெற்றியும் தோல்வியும்



கனடா தேசத்தின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1944 முதல் 1961 வரை முதன்மந்திரியாக விளங்கிய டாமி டக்ளஸ் என்பாரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

1904இல் ஸ்காத்லாந்தில் பிறந்து, இளமையிலேயே கனடா புகுந்தவர். சிறு பிராயத்தில் எலும்பு நோயால் காலை இழக்கும் நிலை, வீட்டிலோ பொருளில்லை. மாணாக்கர் அருகிருந்து பயில வேண்டும் என்ற ஏற்பாட்டின்பேரில் மருத்துவர் ஒருவர் இலவசமாய்ச் சிகிச்சை புரிந்து காலைக் காத்தார். ஏழையின் கால் பிறர் தயவில் நிற்கலாமோ? இக்கேள்வி அவரை விட்டு அகலவேயில்லை.

1934இல் மாகாணத் தேர்தலில் தோற்றார். மறு ஆண்டே பாராளுமன்றம் சென்றார். 1944இல் அவருடைய சி.சி.எப். கட்சி 52 இடங்களில் 47ஐ வென்றது. அதுமுதல் 1960 வரை ஐந்து தேர்தல்களிலும் வெற்றியே! ரயில்வே குமாஸ்தாவாகிய நான், வரவைக் கண்டால் பற்றையும் தேடுபவன். தேடினேன்.

1947இல் மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு அளித்தவர், மருத்துவர் கட்டணத்துக்கும் அளிப்போம் என்று 1960இல் வாக்குறுதி தந்தார். 1961இல் பதவி துறந்து, அகில கனடாவுக்குரிய புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவரானார். 1962 ஜூன் 18இல், தாம் ஆண்ட மாகாணத்தின் தலைநகரான ரெஜைனாவிலேயே தோற்றார். பதின்மூன்றே நாளில், ஜூலை 1இல், அவர் வகுத்த திட்டம் அமுலுக்கு வந்தது. மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்து ஓய்ந்தனர், திட்டம் நிலைத்தது. அவரோ அவ்வாண்டே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் சென்று, இடைத்தேர்தலில் நின்று பாராளுமன்றம் புக நேர்ந்தது.