கட்டுமுன் கணக்கிடுவோம்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் கற்பித்து வந்திருக்கிறது. அவ்வறிவு தேர்வு மண்டபத்தோடு நின்றுவிடலாகாது. நம் குடும்பங்கள் வாழ்நாளில் ஒருமுறை செய்யும் மிகப் பெரிய செலவு வீடு கட்டுவதே. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் இரவுப்பணி பார்த்தும் சேர்த்த வைப்பு நிதியும் பணிக்கொடையும் அந்த ஒரு செலவிலே கரைகின்றன. ஆயினும் அச்செலவு பற்றிய ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே முடிகிறது. ஆகவே வீட்டுக்கணக்கையே இன்றைய பேச்சின் பொருளாகக் கொண்டோம்.

சிறிது வரலாற்றை நினைவுகூர்வோம். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. வாரியம் கட்டிய அடுக்கு வீடுகளில் குடியேறிய மக்களுக்குச் சுவரின் கனத்தையோ கலவையின் தரத்தையோ கேட்கும் வாய்ப்பில்லை. 1977இல் உலக வங்கியின் கடனுதவியோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது வேறொரு வழி திறந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், நம் பகுதியை அடுத்த கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளுடன் மனைகள் பிரித்து அளிக்கப்பட்டன. குடும்பங்கள் தம் வசதிக்கேற்பச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டன. முழு வீட்டையும் ஒரே மூச்சில் கட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்பதே அத்திட்டம் நமக்குத் தரும் பாடம்.

முதலில் நிலம். பட்டாவோ பதிவான பத்திரமோ இல்லாத மண்ணில் ஆயுட்கால உழைப்பைக் கொட்டுதல் தகாது. உரிமை உறுதியானபின் அனுமதி பெறுதல் வேண்டும். 2500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3500 சதுர அடிக்கு மிகாத வீடு கட்டுவோர் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2024இல் கொண்டுவந்தது. இதற்கென இடைத்தரகரை நாட வேண்டுவதில்லை. நம் இளைஞர்களே செய்து கொடுக்கலாம்.

அடுத்தது விலைப்பட்டியல். ஒப்பந்தக்காரர் மூவரிடம் விலை கேட்கிறோம். எவர் சதுர அடிக்குக் குறைவாகச் சொல்கிறாரோ அவரையே தேர்ந்தெடுக்கிறோம். இதைவிட ஆபத்தான முறை வேறில்லை. கணக்கு விளங்கும்பொருட்டு ஒரு சான்று காண்போம். இவை சந்தை விலைகள் அல்ல, நாமே எடுத்துக்கொண்ட எண்கள். வீட்டின் பரப்பு 500 சதுர அடி எனக் கொள்வோம்.

முதலாமவர் சதுர அடிக்கு 2000 ரூபாய் என்கிறார். ஆனால் சன்ஷேடையும் வாசற்படியையும் சேர்த்து 560 சதுர அடி என்று அளக்கிறார். ஆக 11,20,000 ரூபாய். தரைத்தொட்டி, வண்ணப்பூச்சு, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் ஆகிய மூன்றும் அவர் கணக்கில் இல்லை. அவற்றுக்கு 1,70,000 ரூபாய் என்றால் மொத்தம் 12,90,000. இரண்டாமவர் 2200 ரூபாய் வீதம் 520 சதுர அடிக்கு 11,44,000 கேட்கிறார். தரைத்தொட்டிக்கான 70,000 தனி. மொத்தம் 12,14,000. மூன்றாமவர் கேட்பது 2400 ரூபாய். ஆனால் 500 சதுர அடியே அளந்து, எல்லா வேலைகளையும் உள்ளடக்கி, 12,00,000 ரூபாயில் முடிக்கிறார். அதிக விலை சொன்னவரிடமே செலவு குறைவாக முடிகிறது! வீதத்தை மட்டும் பார்த்த குடும்பம் 90,000 ரூபாய் இழந்திருக்கும்.

ஆதலின் பட்டியலை நாமே எழுதுதல் வேண்டும். பரப்பை எப்படி அளப்பது, அஸ்திவாரத்தின் ஆழம், தரைமட்டத்தின் உயரம், செங்கல், சிமெண்ட், கம்பி ஆகியவற்றின் வகை, கான்கிரீட்டின் தரம், கதவு சன்னல்களின் எண்ணிக்கை, மின் இணைப்புப் புள்ளிகள், தொட்டி, கழிவுநீர் இணைப்பு, சரக்கு சேவை வரி அடங்கியதா இல்லையா என அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, அத்தாளையே மூவரிடமும் கொடுத்து விலை கேட்போம். அப்போதுதான் ஒப்பீடு உண்மையாகும்.

நம் பகுதிக்கெனச் சில கேள்விகள் உண்டு. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடற்காற்று கம்பியை அரிக்கும். இந்தியத் தர நியமமான ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் கடுமையான நிலைக்கு உட்பட்டதாக வகுத்து, குறைந்தது எம்-30 தரம் வேண்டும் என்கிறது. உப்பேறிய கிணற்று நீரில் கலவை போடலாகாது. நீர் எங்கிருந்து வரும் என்பதும் பட்டியலில் இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் எண்ணெய் கலந்த நீர் புகுந்ததை நாம் கண்டோம். தெருவின் மட்டத்தைக் காட்டிலும் தரை எவ்வளவு உயரும் என்பதை அடிக்கணக்கில் எழுதி வாங்குவோம்.

இன்னொன்றையும் சிந்திப்போம். மிகக் குறைந்த விலை எங்கிருந்து பிறக்கிறது? கலவையில் குறைத்த சிமெண்டிலிருந்து பிறக்கலாம். சித்தாள் பெண்ணின் கூலியிலிருந்தும் பிறக்கலாம். கொத்தனாரும் சித்தாளும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களின் கூலியைப் பிடுங்கி எழுப்பும் சுவர் நமக்குப் பெருமை சேர்க்காது. அவர்களை அழைத்து ஒப்பந்தத் தாளைப் படித்துக் காட்டினால், எந்த எண் நியாயமற்றது என்று அவர்களே சொல்வார்கள்.

மூன்றாவது பணம். கையில் 12,00,000 ரூபாய் உள்ள குடும்பம் அத்தனைக்கும் திட்டமிடலாகாது. மேற்சொன்ன 2400 ரூபாய் வீதத்தில் 450 சதுர அடி கட்டினால் 10,80,000 ஆகும். 1,20,000 கையிருப்பாக நிற்கும். கம்பி விலை ஏறினாலும், மழையால் வேலை நீண்டாலும் அதுவே காப்பு. கையிருப்பு இல்லாதவர் கந்துவட்டியை நாடுவார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டியில் ஒரு இலட்சம் வாங்கினால் ஆண்டு வட்டி மட்டும் 60,000. அதீத வட்டியைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தும் அந்தக் கொடுமை நம் வாசலை விட்டு அகலவில்லை. 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் தாமே கட்டும் பயனாளிக்குத் தமிழகத்தில் 2,10,000 ரூபாய் மானியம் கிடைத்தது. அதுவும் வேலை முடிய முடியத் தவணைகளாகவே வந்தது. மானியத்தை நம்பி அஸ்திவாரம் தோண்டுவோரும் முதற்கட்டச் செலவைக் கையில் வைத்திருத்தல் வேண்டும்.

ஒப்பந்தக்காரருக்கும் அவ்வாறே கொடுப்போம். முன்பணம் சிறிதாக இருக்கட்டும். அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என ஒவ்வொரு நிலையும் முடிந்தபின் அதற்குரிய தொகையைக் கொடுத்துக் கையொப்பம் பெறுவோம். நூற்றுக்கு ஐந்து பங்கை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைப்போம். இந்நிபந்தனையையும் முதல் நாளிலேயே எழுதிக்கொள்வது இருசாராருக்கும் நல்லது.

பொருளியல் பேரறிஞராம் அண்ணல் அம்பேத்கர் 1930களில் பம்பாய் தாதரில் இராஜகிருகம் என்னும் இல்லத்தை எழுப்பி, அதில் தம் நூல்களுக்குப் பெரும் இடம் வகுத்தார். நம் வீடு சிறியதாக இருக்கலாம்; படிக்கும் பிள்ளைக்கு வெளிச்சமுள்ள ஒரு மூலை அதன் வரைபடத்தில் இருத்தல் வேண்டும். அதனினும் முக்கியம், பிள்ளையின் படிப்புக்கென வைத்த பணம் வீட்டுக்கணக்கில் கலவாதிருத்தல். தளம் போடுவதற்காக மகளின் கல்லூரிப் படிப்பு நின்றுபோகுமாயின், எழுந்தது வீடன்று, இழப்பே.

இளைஞர்களே! இனி நம் தெருவில் எவர் வீடு கட்ட முனைந்தாலும், முன்பணம் கைமாறுமுன் உங்களில் இருவர் தாளும் எழுதுகோலுமாக அவ்வீட்டுப் பெரியவர்களோடு அமருங்கள். பட்டியலை எழுதுங்கள், மூன்று விலைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கூட்டிக் காட்டுங்கள். கழகம் தந்த கல்விக்கு நீங்கள் செலுத்தும் கைம்மாறு அதுவாகட்டும்.