படைக்கலப் பெயரும் பால்மரக் காட்டுச் சொல்லும்



மாய உலகில் நிகழும் கணினி விளையாட்டு ஒன்றை நம் கெடா மாணவர் தமிழில் ஆக்கப் புகுந்தால், முதலில் எதிர்ப்படும் இடர் பெயரிடுதலே ஆகும். வீரன் ஏந்தும் கேடயத்தைக் கேடயம் என்றே சொல்வதா, சங்கச் சான்றோர் போலத் தோல் என்பதா? பழமை மணக்க வேண்டும் என்னும் வேட்கை நமக்கும் உண்டு. எனினும், பகைவன் பாய்ந்து வரும் நொடியில் தோல் என்னும் பெயரைக் காணும் சிறுவன் அதனை விலங்கின் தோல் என்றே கொள்வான். எஃகும் அத்தகையதே. அன்று அது வேலையும் குறித்தது. இன்று உருக்கிரும்பை மட்டுமே குறிக்கிறது.

தொல்காப்பியர் திரிசொல்லை இருவகைப்படுத்தினார். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் ஒருவகை. பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் மற்றொரு வகை. முன்னது விளையாட்டு ஆக்குவோர்க்குச் செல்வம், பின்னது படுகுழி. நிகண்டைப் புரட்டுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. பதிற்றுப்பத்தில் வரும் மெய்ம்மறை என்னும் சொல்லைப் பாருங்கள். மெய்யை மறைப்பதாகிய கவசத்துக்கு அது பெயர். பழஞ்சொல்லாயினும் தன் பொருளைத் தானே சொல்கிறது. (உண்மையை மறைப்பது என்று பொருள் கொள்ளும் குறும்பரும் நம் வகுப்புகளில் உளர். அருகே கவசத்தின் படம் இருந்தால் போதும்.)

இச்சிக்கல் கம்பருக்கும் நேர்ந்தது. இறந்தாரை எழுப்புவது, பிளந்த உடலைப் பொருத்துவது, தைத்த படைக்கலத்தை வெளிக்கொணர்வது, பழைய உருவை மீட்பது என மருந்துகள் நான்கு. வான்மீகியார் அவற்றுக்கு மிருதசஞ்சீவினி, விசல்யகரணி முதலாய பெயர்களைத் தந்தார். வடமொழி அறிந்தார்க்கு அப்பெயர்களே மருந்தின் பயனைச் சொல்லும். தமிழ் கேட்போர்க்குச் சொல்லா. ஆதலின் மருத்துமலைப் படலத்தில் சாம்பவான் அனுமனிடம் பேசுமிடத்துக் கம்பர் பெயர்களை விடுத்துப் பயனையே தமிழில் உரைக்கிறார். மாயப் பொருளுக்குப் பெயரிடுவோர்க்கு இதனினும் நல்ல பாடம் நாம் கண்டதில்லை.

இனி நம் தோட்டப்புறத்துக்கு வருவோம். பால் வடியும் மங்கு, பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டா, மரம் சீவும் உளி, ஒட்டுப்பால், பெரட்டு ஆகியவை நம் பாட்டன்மார் நாள்தோறும் புழங்கிய சொற்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின், சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் வளரும் பேரர்க்கு இவையும் மெய்ம்மறை போலவே தொலைவாகிவிட்டன. ஆயின், இவற்றின் பொருளை நிகண்டில் தேட வேண்டுவதில்லை. வீட்டு முதியவரைக் கேட்கலாம். அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும். மந்திர நீர்க் குடங்களை வீரன் காண்டாவில் சுமந்து வரட்டுமே! நாசி கண்டார் உணவின் பெயரிலும் அக்காவுத்தடியே இருக்கிறது என்று அறியும் மாணவன் வியப்பான். வாள் வடிக்கும் உலைக்களத்துக்கும் வேற்றுநாடு செல்ல வேண்டா. பழங்காலத்தில் இரும்பு உருக்கிய சுங்கை பத்து நம் மாநிலத்திலேயே உள்ளது.

ஒரு பெயரை மட்டும் வீரனின் மூட்டையில் உள்ள எப்பொருளுக்கும் இடவேண்டா என்போம். கடாரம் என்பது பெருங்கொப்பரைக்கும் பெயர். 1025-இல் இராசேந்திர சோழன் படை கடல் கடந்து வந்த நம் நிலத்துக்கும் பெயர். அதனை விளையாட்டின் நிலப்படத்தில் பொறித்து வையுங்கள்.