வானொலியின் பாட்டு வரிசையும் நம் குடியிருப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

சென்ற தீபாவளிக்கு முன்னாள் நம் சுனாபட்டியில் ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததை முதற்கண் கூறிவிடுகிறோம். அடுக்களையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த பாட்டியார் தமக்குள் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் வானொலி இந்திப் பாட்டை முழக்கிக்கொண்டிருந்தது. எட்டு வயதுப் பேத்தி இரண்டையும் மாறி மாறிக் கேட்டுவிட்டு, "ஆச்சி, நம்ம பாட்டு மட்டும் ஏன் ரேடியோவுல வர மாட்டேங்குது? அது வீட்டுப் பாட்டா?" என்று கேட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து அறுபது ஆண்டுகளாக இந்நகரில் வாழும் அம்மூதாட்டியாருக்கு விடை கூறத் தோன்றவில்லை. அங்கிருந்த நமக்கும் தோன்றவில்லை. வானொலியின் பாட்டு வரிசைகளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது, அக்குழந்தைக்கு அன்று கொடுக்க இயலாத விடையை இன்று தேடிப் பார்க்கலாம் என எண்ணினோம்.

"இவ்வாரத்தின் முதற்பாட்டு இது, இரண்டாம் பாட்டு இது" என்று எண்ணிட்டு ஒலிபரப்பும் வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. ஒமாகா நகரில் டாட் ஸ்டார்ஸ் என்பார் ஒரு வானொலி நிலையத்தை நடத்திவந்தார். காசு போட்டால் இசைத்தட்டைச் சுழற்றும் ஜூக் பாக்ஸ் என்னும் பெட்டி ஒன்று ஒரு மதுக்கடையில் இருந்ததாம். நாள் முழுதும் வாடிக்கையாளர் சிலவே பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டனராம். கடை மூடிய பின்னர், அவற்றைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்க வேண்டிய பணிப்பெண்ணும் தன் காசைப் போட்டு அதே பாட்டையே கேட்டாளாம். அதைக் கண்ட ஸ்டார்ஸ், மக்கள் விரும்புவது புதுமையை அன்று, பழகியதையே என்று தெளிந்தார் என்பது கதை. கதையின் உண்மையை ஐயுறுவோரும் உளர். ஆயினும் 1950-களின் தொடக்கத்தில் அவருடைய நிலையம் அவ்வழியே நடந்தது; 'டாப் ஃபார்ட்டி', அதாவது முதல் நாற்பது, என்ற பெயரும் நிலைத்தது. நம் பம்பாயிலும் அத்தகைய பெட்டிகள் இருந்தன. கொலாபாவின் மாண்டிகர் உணவகத்திற்குச் சென்றவர்கள் அதனை நினைவு கூர்வர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பெட்டியில் காசு போட்டவனின் விருப்பம் மட்டுமே எண்ணப்பட்டது. காசில்லாமல் மூலையில் நின்று கேட்டவன் எந்தக் கணக்கிலும் வரவில்லை. வரிசை என்று ஒன்று உண்டானால், யாரை எண்ணி அது உண்டாயிற்று என்ற வினாவும் உடன் பிறந்துவிடுகிறது.

நம் நாட்டில் இவ்வழக்கம் கடல் கடந்து வந்தது. 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான கேஸ்கர் அவர்கள், திரையிசை நாட்டின் செவியைக் கெடுக்கிறது என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுகள் அருகிப் போயின. நேயர்கள் கொழும்பை நாடினர். உலகப் போர்க் காலத்தில் படையினர்க்கென இலங்கையில் நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை வானொலிக்கு வந்து சேர்ந்திருந்தது. 1950-இல் அங்கே வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. கேஸ்கர் கதவைச் சாத்தினார். இலங்கை பலகணியைத் திறந்து வைத்திருந்தது.

1952 டிசம்பர் 3-ஆம் நாள், ஒரு பற்பசை நிறுவனத்தின் பெயரால் 'பினாகா கீத் மாலா' அங்கிருந்து ஒலித்தது. அதனை நடத்திய அமீன் சயானி நம் நகரத்தவர். நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகி, ஒலிநாடா விமானத்தில் கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து வான்வழியே மீண்டும் பம்பாய்க்கு வந்தது. அண்டை வீட்டுக்காரர் பேச்சை நாம் கடல் சுற்றிக் கேட்டோம் எனலாம். தொடக்கத்தில் ஏழு பாட்டுகளை முன்பின்னாக ஒலிபரப்பி, அவற்றை விருப்ப முறைப்படி வரிசைப்படுத்தி எழுதுவோர்க்கு நூறு ரூபாய்ப் பரிசு என்று அறிவித்தனர். முதல் நிகழ்ச்சிக்கு ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தன. பின்னர் அது வாரத்திற்கு அறுபத்தையாயிரமாகப் பெருகியது. கடித மலையைச் சமாளிக்க இயலாமல் 1954-இல் நிலையத்தாரே வரிசையை அறிவிக்கத் தலைப்பட்டனர். இசைத்தட்டு விற்பனையைக் கேட்டறிந்தனர். அது மட்டும் போதாதென்று ஊர்தோறும் அமைந்த நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்துக்கொண்டனர். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ஈரானியர் தேநீர்க் கடைகளின் முன்னே நின்ற கூட்டத்தை நேரிற் கண்டவர்கள் இவ்வவையிலும் உள்ளனர்.

பீகாரில் ஜும்ரி தலையா என்றோர் ஊர் உண்டு. இப்போது அது ஜார்க்கண்டில் உள்ளது. அபிரகச் சுரங்கங்களைத் தவிர வேறு சிறப்பில்லாத சிற்றூர். அவ்வூரார் விருப்பப் பாட்டுக் கேட்டுச் சளைக்காமல் அஞ்சலட்டை எழுதி எழுதியே, இந்திய நாடு முழுதும் தம் ஊர்ப் பெயரை அறியச் செய்துவிட்டனர். அப்படி ஓர் ஊர் உண்மையில் இருக்கிறதா என்று வாதிட்டவர்களும் உண்டு. டெல்லிக்கு இல்லாத செல்வாக்கு அவ்வூருக்கு வானொலியில் இருந்தது. அஞ்சலட்டைதான் அதற்கு முதல்.

நம் மக்களும் அட்டை எழுதினார்கள். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரல் வீட்டுப் பிள்ளையின் குரல்போல் பழகிப் போயிருந்தது. பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் வந்தனர். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே ஆலைச் சங்குக்குக் காத்திருந்த இல்லங்கள் பல. மாடி வராந்தாவில் கம்பி வலையைக் குறுக்கே கட்டி, வால்வு சூடாகும்வரை பொறுத்திருந்து, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பிடிப்போம். ஒலி கடலலைபோல் ஏறும், இறங்கும். பாட்டின் நடுவே சீனத்து மொழியோ அரபியோ குறுக்கிடும். ஆயினும் நேயர் பெயர்களைப் படிக்கும் வேளையில், "பம்பாய்" என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் போதும்; சுற்றியிருந்த பத்து வீட்டாரும் கூடிவிடுவர். யாழ்ப்பாணத்து நேயரும், மலையகத் தோட்டத்து நேயரும், மதுரை நேயரும், தாராவி நேயரும் ஒரே மூச்சில் படிக்கப்பட்டனர். சிதறிக் கிடந்த நாம் அங்கே ஒன்றாக எண்ணப்பட்டோம்.

இனிப் பண்பலைக்கு வருவோம். சிற்றலை வானத்தின் மேலடுக்கில் மோதித் திரும்பி ஆயிரம் மைல் அப்பால் இறங்கும். வழியில் மங்கும், இரையும். பண்பலையோ கண்ணுக்கெட்டும் தொலைவைப்போல் நேர்கோட்டில் செல்வது. ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் அதன் ஆட்சி முடிந்துவிடும். ஆனால் அவ்வெல்லைக்குள் ஒலி பளிங்குபோல் இருக்கும். மின்னல் இரைச்சலும் அதனைத் தொடாது. இதனைக் கண்ட அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங், தம் கண்டுபிடிப்புக்காகப் பெரு நிறுவனங்களோடு வழக்காடிச் சோர்ந்து 1954-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிவதற்குள் அந்நாட்டு நேயரிற் பெரும்பாலோர் பண்பலைக்கு மாறிவிட்டனர். முதல் நாற்பதும் அங்கே குடிபெயர்ந்தது. குடிபெயரும் முன்பே அது சுருங்கத் தொடங்கியிருந்தது. 1965-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நிலையமொன்றில் பில் டிரேக் என்பார் நாற்பதை முப்பதாக்கி, அறிவிப்பாளர் பேச்சையும் நொடிக்கணக்கில் வெட்டிக் குறைத்தார். பின்னர், பாட்டின் சில நொடிப் பகுதியை மட்டும் தொலைபேசியில் ஒலிக்கச் செய்து, "பிடிக்கிறதா, சலித்துவிட்டதா?" என்று கேட்டெழுதும் முறை வந்தது. நேயர் தாமே எழுதிய காலம் போய், நிலையத்தார் தேர்ந்தெடுத்தவரை மட்டும் கேட்கும் காலம் அவ்வாறு பிறந்தது.

இந்தியாவின் முதற் பண்பலை ஒலிபரப்பு 1977-இல் நம் சென்னையில்தான் தொடங்கியது என்பது நமக்குப் பெருமை. தனியார்க்கு அதில் நேரம் விற்றது 1993-இல், பம்பாயிலும் டெல்லியிலும். அந்த ஏற்பாடு 1998-இல் நின்றது. தனியார் தாமே நிலையம் நடத்தும் உரிமை ஏலத்திற்கு வந்து, 2001 ஜூலையில் பெங்களூரில் ரேடியோ சிட்டி தொடங்க, 2002-இல் மும்பையில் மிர்ச்சி, ரெட், சிட்டி, கோ, வின் என்று நிலையங்கள் அடுத்தடுத்து முழங்கின. மும்பை உரிமத்திற்கு ஆண்டொன்றுக்குப் பத்துக் கோடி ரூபாயை ஒட்டிய கட்டணம், அதுவும் ஆண்டுதோறும் ஏறுவது! 2005-இல் அது வருவாயில் நூற்றுக்கு நான்கு பங்கு என்று தணிக்கப்பட்டது. செய்தி வாசிக்கவும் தனியார்க்கு உரிமையில்லை. கட்டணம் மலைபோல், சொல்லத்தக்க பொருளோ பாட்டு ஒன்றே. அந்நிலையில் எவரும் துணிந்து புதுவழி போகார். எல்லா நிலையமும் அவ்வாண்டின் இந்தித் திரைப்பாட்டுகளையே பிடித்துக்கொண்டன. கோ மட்டும் சிறிது காலம் ஆங்கில இசையை முயன்று பார்த்தது. 2007 முதல் சில நூறு பேரிடம் நாட்குறிப்பேடு கொடுத்து, எந்நிலையத்தை எவ்வளவு நேரம் கேட்டனர் என்று கணக்கெடுத்தனர். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வாழும் நகருக்குச் சில நூறு ஏடுகள்!

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஐந்து இலட்சம் பேர் அளவில் உளர். ஐந்து இலட்சம் சிறு தொகையன்று. தமிழ்நாட்டில் ஒரே நகரில் கூடியிருந்தால் அவர்களுக்கென்று பல நிலையங்கள் போட்டியிட்டிருக்கும். இங்கே நாம் சயானுக்கும் தாராவிக்கும் வாஷிக்கும் இடையே தூவி வைத்த எள்போல் இருக்கிறோம். சென்னையில் 2003 முதல் சூரியனும் மிர்ச்சியும் தமிழில் முழங்கினாலும், பண்பலை மலை தாண்டி வாராது. கொழும்பை எட்டிப் பிடித்த நாம் சென்னையை எட்ட இயலாதவர் ஆனோம். ஒலி தெளிவானதற்கு நாம் கொடுத்த விலை அது.

நிலையத்தாரைக் குறை கூறி முடித்துவிடல் எளிது. ஒரு முறை நாம் சிலர் கையொப்பமிட்டு, வாரம் ஒரு மணி நேரமேனும் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று ஒரு நிலையத்திற்கு எழுதினோம். பல வாரங்கள் கழித்து ஓர் இளைஞர் தொலைபேசியில் மிகவும் பணிவோடு பேசினார். "உங்கள் ஒரு மணி நேரத்தில் மற்றவர் வேறு நிலையத்திற்குத் திருப்பிவிடுவர், திருப்பியவர் திரும்பி வாரார்" என்றார். அவர் கூறிய கணக்கில் பிழையில்லை. நம் கையொப்பங்கள் எத்தனை என்று அவர் வினவியபோது, நாற்பத்திரண்டு என்று கூற நமக்குத்தான் நாணமாயிற்று.

தமிழ்ப் பாட்டே வந்ததில்லை எனவும் கூறல் ஆகாது. 2011 நவம்பரில் தனுஷ் பாடிய 'கொலவெறி' மும்பை நிலையங்களில் ஓயாது ஒலித்தது. நம் பிள்ளைகள் பள்ளியில் தலைநிமிர்ந்து திரிந்தனர். மராத்தி நண்பர்கள் அவர்களிடம் பொருள் கேட்டனர். கேட்டதில் பாதிச் சொல் ஆங்கிலம் என்பதால் பொருள் கூறுவதும் எளிதாயிற்று! நாம் நகைத்தோம். ஆயினும் அச்சில மாதங்கள் நம் குடியிருப்பில் தமிழ்ப் பாட்டைச் சன்னலைத் திறந்து வைத்துக் கேட்டார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

"இப்போதுதான் கைப்பேசி இருக்கிறதே, ஆகாசவாணியின் சென்னை ஒலிபரப்பும் அதில் கேட்கிறதே" என்று இளைஞர்கள் கூறுவர். மெய்தான். நாமும் மின்வண்டியில் கேட்டுக்கொண்டுதான் போகிறோம். ஆனால் தாத்தா காதில் ஒன்று, தந்தை காதில் ஒன்று, பேரன் காதில் ஒன்று என்று ஒரே கூடத்தில் மூன்று வரிசைகள் ஒலியில்லாமல் ஓடுகின்றன. அடுத்த வீட்டார்க்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பது இன்று நமக்குத் தெரியாது. அக்குழந்தை வினவியது பாட்டு கிடைக்குமா என்பதை அன்று; தன் பாட்டியின் பாட்டு ஊரார் அறிய ஒலிக்கத்தக்கதா என்பதையே வினவியது.

'கீத் மாலா' 1989-இல் விவித பாரதிக்கு மாறி, 1994-இல் ஓய்ந்தது. அமீன் சயானி 2024 பிப்ரவரி 20-ஆம் நாள் இந்நகரிலேயே மறைந்தார். அவர் நேயர் மன்றங்களை நம்பி வரிசை அமைத்தார் என்று முன்னர்க் கூறினோம். மன்றம் என்பது என்ன? பத்து இருபது பேர் கூடி, வாதிட்டு, ஒரு பட்டியலில் கையொப்பமிடுவதுதான். அதற்கு உரிமமும் வேண்டா, கோடியும் வேண்டா.

ஆதலின் சங்கத்தாரிடம் ஓர் இசைவு பெற்றுள்ளோம். இம்மன்ற வாயிலில் ஒரு மேசைமேல் முந்நூறு அஞ்சலட்டைகள் வைக்கப்பட்டுள்ளன. வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். வீட்டார் அனைவரும் கூடிப் பேசித் தமிழ்ப் பாட்டு ஏழு தேர்ந்து, வரிசைப்படுத்தி, எழுதத் தெரிந்த குழந்தை கையால் தமிழில் எழுதி, பெயரும் குடியிருப்பும் குறித்துப் பொங்கலுக்குள் அஞ்சலில் சேருங்கள். பங்குனியில் ஒரு ஞாயிறு மாலை, முற்றத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கடைசிப் பாட்டிலிருந்து முதற்பாட்டு வரை இசைப்போம். ஒவ்வொன்றுக்கும் முன்னர் அதனைக் கேட்ட வீடுகளின் பெயர்களைப் படிப்போம். படிக்கும் பொறுப்பை அந்த எட்டு வயதுப் பெண்ணிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவள் இன்னும் 'ழ'கரத்தில் சிறிது தடுமாறுகிறாள். பங்குனிக்குள் தேறிவிடுவதாக அவள் பாட்டியார் உறுதி கூறியுள்ளார்.