மணி ஒலிக்க யார் பணம் கட்டுவது?



தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றிய ஒரு பெரியவரின் நினைவாக நடைபெறும் சொற்பொழிவு இது. ‘கைப்பேசியின் வளர்ச்சி’ பற்றிப் பேசுங்கள் என்றார்கள். செங்கல் அளவிலிருந்த கருவி எப்படிக் கண்ணாடித் தகடாக மாறியது என்ற கதை உங்களுக்குத் தெரியும்; படங்களும் நிறையக் கிடைக்கும். அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதற்குள் மறைந்திருக்கும் இன்னொன்றை விரிவாகப் பேச விரும்புகிறேன். ஒருவருக்கு அழைப்பு வந்து மணி ஒலிக்கிறது. அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள்? கைப்பேசி யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதைக் கருவியின் திறமையைவிட இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் தீர்மானித்திருக்கிறது என்பது என் கருத்து.

காரில் பொருத்திப் பேசும் தொலைபேசி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1946-லேயே வந்துவிட்டது. ஊருக்கு நடுவே உயரமான ஒரு கோபுரம், அதற்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அலைவரிசைகள். பின்னாளில்கூட நியூயார்க்கில் ஏறத்தாழ 2,000 சந்தாதாரர்களுக்கு 12 தடங்கள்தான் இருந்தன. பதின்மூன்றாவது ஆள் பேச வேண்டுமென்றால் அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டும். இதற்கான தீர்வை பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் 1947-இல் ஓர் உள் குறிப்பாக எழுதிவைத்தார். நகரத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சிறிய கோபுரம் வைத்தால், ஒரு கட்டத்தில் பயன்படுத்திய அலைவரிசையைச் சற்றுத் தள்ளியுள்ள கட்டத்தில் மறுபடியும் பயன்படுத்தலாம். இன்றுவரை எல்லாக் கைப்பேசிகளும் இந்த ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன. ஆனால் ஓடுகிற காரின் பேச்சு அறுந்துபோகாமல் கட்டம்விட்டுக் கட்டம் மாற்றித் தரும் கணினிகள் அன்று இல்லை. அதற்குள் கால் நூற்றாண்டு போய்விட்டது.

1973 ஏப்ரல் 3 அன்று மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர், நியூயார்க் தெருவில் நின்றபடி கையில் பிடித்த கருவியிலிருந்து, போட்டி நிறுவனமான பெல் ஆய்வகத்தின் ஜோயல் ஏங்கலை அழைத்தார். அந்தக் கருவி கடைக்கு வர மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1983-இல் வந்த டைனாடாக் 8000எக்ஸின் விலை 3,995 டாலர். அரை மணி நேரம் பேசலாம். பிறகு பத்து மணி நேரம் சார்ஜ் போட வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு அது. சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்ற இரு நிறுவனங்கள் உரிமம் பெற்றிருந்தன. நெரிசல் நேரத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. அதைவிட முக்கியமானது, வருகிற அழைப்புக்கும் எடுப்பவரே பணம் கட்ட வேண்டும் என்ற விதி. யாரோ தவறான எண்ணை அழுத்தினாலும் காசு போவது நம்மிடமிருந்துதான். அதனால் அன்று கைப்பேசி வைத்திருந்தவர்கள் திரையில் எண்ணைப் பார்த்துக்கொள்வார்கள்; எடுக்க மாட்டார்கள். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் போய், மஞ்சள் பலகைக்குக் கீழே நின்று, மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடி திரும்ப அழைப்பார்கள். எண்ணை நண்பர்களுக்குக்கூடத் தர யோசித்தார்கள்.

அப்படிப்பட்ட காலத்திலும் அதைத் துணிந்து வாங்கியவர்கள் உண்டு. வட கேரளக் கடற்கரையின் மத்தி மீனவர்களைப் பற்றி ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வை இங்குள்ள பொருளியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். 1997 ஜனவரி 14 காலையில் வடகரையில் 11 மீனவர்கள் பிடித்துவந்த மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே வேளையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நின்றார்கள். மத்தி வெயில் ஏறினால் கெட்டுப்போகும் மீன். இன்னொரு கரைக்குப் படகை ஓட்டிப் பார்க்க டீசல் செலவு. அங்கும் விலை இருக்குமா என்று தெரியாது. அந்த ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கி 2000-க்குள் காசர்கோடுவரை கோபுரங்கள் வந்தன. கரையோரக் கோபுரத்தின் அலை கடலுக்குள் இருபது கிலோமீட்டர்வரை எட்டியது. வலை இழுத்த கையோடு நான்கு கரைகளுக்குப் பேசி, விலை நன்றாக உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். மீனைக் கொட்டுவது நின்றே போயிற்று. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்கிச் சமைத்தவர்களுக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. விற்றவர், வாங்கியவர் இருவருமே பலன் பெற்ற இந்தச் சான்றுக்கு ஈடாக இன்னொன்றை நான் அறியேன்.

ஆனால் படகு வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியான கருவி, அந்தப் படகில் கூலிக்குப் போனவருக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர் கைக்கு அது வந்தது 2003-க்குப் பிறகு. அந்த ஆண்டு இணைப்புக் கட்டண முறை மாறியது. அழைப்பவரே பணம் கட்ட வேண்டும், பெறுபவர் கட்ட வேண்டியதில்லை என்றாயிற்று. அழைப்பவரின் நிறுவனம், பெறுபவரின் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு பைசா என்று கொடுத்துவிடும். எந்தப் புதுக் கருவியும் செய்யாத வேலையை இந்த ஒரு விதி செய்தது. பையில் காசில்லாதவரும் கைப்பேசி வைத்திருக்கலாம்; மற்றவர்கள் அவரை அழைத்துக்கொள்ளலாம்.

அதோடு பிறந்ததுதான் மிஸ்டு கால். மணி ஒலித்தால் காசில்லை, எடுத்தால்தான் காசு என்பதை நம் மக்கள் ஒரே வாரத்தில் புரிந்துகொண்டார்கள். ‘இறங்கினதும் ஒரு ரிங் விடு’ என்பார்கள்; அந்த ரிங் வந்தால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று பொருள். இரண்டு முறை வந்தால் திரும்ப அழை. பால்காரருக்கு, ஆட்டோக்காரருக்கு, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகளுக்கு என்று ஆளுக்கொரு குறி. பின்னாளில் வீட்டிலிருந்தபடியே வயல் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும்கூட அதே உத்தி பயன்பட்டது. எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யாமல், எந்தப் பொறியாளரும் வடிவமைக்காமல் எளிய மக்கள் உண்டாக்கிக்கொண்ட தகவல்தொடர்பு முறை அது.

அதே 2003-இல் நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத ரப்பர் விசைப்பலகை, கைவழுக்காத பின்புறம், உச்சியில் டார்ச் விளக்கு. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. மின்வெட்டு இரவில் மாட்டுக் கொட்டகைக்குப் போகிறவருக்கு அந்த டார்ச்சின் அருமை தெரியும். 2006 தொடக்கத்தில் நோக்கியாவின் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டார மாவட்டங்களின் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போனார்கள். பலருக்கு வாழ்வின் முதல் சம்பளம் அதுதான். 2014 நவம்பர் 1-இல் ஆலை நின்றது. கைப்பேசி மலிந்ததற்கான விலையில் ஒரு பங்கை அந்தப் பெண்களின் விரல்களும் கட்டியிருக்கின்றன. அவர்களின் பணி அனுபவம் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் மனக்குறை.

குறுஞ்செய்தியிலும் ‘யார் கட்டுவது’ என்ற கேள்வி உண்டு. 1992 டிசம்பர் 3-இல் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தியை நீல் பாப்வொர்த் அனுப்பினார். ஒரு செய்திக்கான இடம் 140 பைட். ஆங்கில எழுத்துகளை நெருக்கி அடுக்கினால் அதில் 160 எழுத்துகள் பிடிக்கும். தமிழுக்கு ஒருங்குறியில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் வேண்டும் என்பதால் 70 குறிகள்தான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ‘வணக்கம்’ நமக்கு ஐந்தெழுத்து, கைப்பேசிக்கு ஏழு. ஆங்கிலத்தில் ஒரு செய்தியில் அடங்குவது தமிழில் இரண்டு, மூன்று செய்திகளாகும்; அன்று கட்டணமும் அப்படியே. அன்று பல கருவிகளில் தமிழ் எழுத்துருவே இருக்கவில்லை.  ‘எப்படி இருக்கீங்க’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கம் வேரூன்றியதற்கு அது முதல் காரணம்; இந்தக் கட்டணமும் ஒரு காரணம். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘செல்லினம்’ செயலியை உருவாக்கி, 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் தமிழ்க் குறுஞ்செய்தியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சந்தை கேட்கும்வரை காத்திராமல் தமிழுக்காக உழைத்த அவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

2007-இல் ஐபோன், 2016 செப்டம்பரில் ஜியோ. பேச்சு இலவசம், டேட்டாவுக்கு மட்டும் காசு என்றாயிற்று. கட்டணம் செலுத்துவதும் வகுப்பில் பாடம் கேட்பதும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. இவற்றை நீங்கள் அன்றாடம் கண்டுவருகிறீர்கள்.

நான் கவலையோடு சொல்ல வந்தது அடுத்த பகுதி. 2005 இறுதியில் ‘லைஃப்டைம்’ திட்டங்கள் வந்தன. ஆயிரம் ரூபாயை ஒட்டி ஒருமுறை கட்டினால் ஆயுளுக்கும் அழைப்பு வரும் என்றார்கள். மருமகள் வாங்கித் தந்த பட்டன் போனை மடியில் வைத்துக்கொண்டு, துபாயிலிருக்கும் மகனின் அழைப்புக்காகக் காத்திருந்த தாய்மார்களுக்கு அது வரப்பிரசாதம். நிறுவனத்துக்கும் நட்டமில்லை; வருகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் எதிர்நிறுவனம் பைசா கொடுத்துக்கொண்டிருந்தது. 2009-இல் 20 பைசாவாக இருந்த அந்தத் தொகையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-இல் 14 பைசாவாகவும், 2017 அக்டோபரில் 6 பைசாவாகவும் குறைத்தது. 2021 ஜனவரி 1 முதல் அறவே நீக்கியது. அழைப்பை மட்டும் பெறுகிற வாடிக்கையாளரால் நிறுவனத்துக்கு வருமானம் இல்லை என்றாயிற்று. இந்தக் குறைப்புகளுக்கு இடையிலேயே, 2018 இறுதியில், மாதாந்திரக் குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்தது. முதலில் 35 ரூபாய். கட்டாவிட்டால் வெளியே பேச முடியாது. சில நாளில் உள்ளே வருகிற அழைப்பும் நின்றுவிடும். 2024 ஜூலை உயர்வுக்குப் பின் பெரிய தனியார் நிறுவனங்களில் 28 நாளுக்கான இந்தத் தொகை 200 ரூபாயை ஒட்டி வந்து நின்றது.

2003-இல் ஏழைக்குக் கிடைத்த உரிமை, சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ பெரிய விவாதம் ஏதுமின்றிப் பறிபோய்விட்டது. முதியோர் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர், மகனின் குரலைக் கேட்பதற்கு மட்டும் தொடர்ந்து பணம் கட்ட வேண்டியிருக்கிறது. வங்கியின் ஓ.டி.பி. வருவதும், ஊரக வேலைத் திட்டத்துக்குக் கூப்பிடுவதும், ரேஷன் கடைச் செய்தி வருவதும் அதே எண்ணுக்குத்தான். எண் அணைந்தால் அவை எல்லாமே அணைந்துவிடும். 2024 டிசம்பரில் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டங்களைத் தர வேண்டுமென்று டிராய் உத்தரவிட்டது. நல்ல முடிவுதான்; போதாது.

என் வேண்டுகோள் இதுதான். பேசுவதற்கும் டேட்டாவுக்கும் நிறுவனங்கள் கட்டணம் வாங்கட்டும். வருகிற அழைப்பும் வருகிற குறுஞ்செய்தியும் மட்டும், ஆண்டுக்கு ஒரு சிறு தொகையில், காலாவதி ஆகாமல் கிடைக்க வேண்டும். டிராய் தன் கலந்தாய்வு அறிக்கைகளை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களே, உங்கள் தெருவில் ரீசார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்கும் எண்கள் எத்தனை, அவை யாருடையவை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கோடு தமிழிலேயே ஒரு மனு எழுதுவோம். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.