பலிக்காதவர்களின் கணக்கு



ஜூன் மாதம் நெருங்கினால் ஹைதராபாத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து ஒரு போன் வரும். "பேரனுக்கு வீசிங் நிக்கவே மாட்டேங்குது. உங்க ஊர்ல மீன் மருந்து குடுக்கறாங்களாமே, எந்தத் தேதி? டோக்கன் எடுத்து வைக்க முடியுமா?" கேட்பவர் அத்தையாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் இன்றைய என் பேச்சு. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று போனை வைத்துவிடுவது எளிது. ஆனால் இரவெல்லாம் பேரனை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு விழித்திருப்பவருக்கு அது பதிலாகாது.

மீன் மருந்தைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியும். பழைய நகரத்துத் தூத் பௌலியைச் சேர்ந்த பத்தினி கௌட் குடும்பம், சூரியன் மிருகசீரிடத்தில் நுழையும் நாளில் ஆஸ்துமாக்காரர்களுக்கு அதைக் கொடுக்கிறது. தங்கள் முன்னோர் வீரண்ண கௌடுக்கு 1845இல் ஒரு சாது இதைச் சொல்லிக் கொடுத்தார் என்பது குடும்பத்தாரின் வரலாறு. இப்போது நாம்பள்ளி பொருட்காட்சி மைதானத்தில் நடக்கிறது. விரல் நீள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிறப் பசை ஒன்றைத் திணித்து, துடிக்கத் துடிக்க அந்த மீனை நோயாளியின் தொண்டைக்குள் விடுகிறார்கள். சைவர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருவார்கள். குழந்தைகள் திமிறுவார்கள், ஒருவர் கையைப் பிடிக்க, இன்னொருவர் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். பிறகு 45 நாள் பத்தியம். இப்படி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வர வேண்டும். பசையில் என்ன இருக்கிறது என்பது குடும்ப ரகசியம். கோவிட் காலத்தில் நின்றுபோனது, 2023இல் மறுபடி தொடங்கியது.

இந்தக் குடும்பம் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. அதை மரியாதையோடு சொல்கிறேன். ஆனால் மக்கள் நம்புவதற்குப் பாதிக் காரணமும் அதுதான். "காசு வாங்காதவர் ஏன் பொய் சொல்லப் போகிறார்?" என்கிறார்கள். பொய் சொல்லாதவரும் தவறாக நம்பலாம் என்பது நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. மீதிக் காரணத்தை அரசே கொடுக்கிறது. மீன்வளத் துறை குஞ்சுகளைக் கொண்டுவருகிறது, காவல் துறை வரிசையை ஒழுங்கு செய்கிறது. தடுப்புக் கட்டைகளையும் சீருடையையும் பார்க்கிறவருக்கு அது ஒரு சான்றிதழாகவே தெரியும்.

ஜன விஞ்ஞான வேதிகா போன்ற அறிவியல் பரப்பும் அமைப்புகள் வருடக்கணக்காகக் கேள்வி கேட்டன, வழக்குகள் நடந்தன. காலப்போக்கில் மருந்து 'பிரசாதம்' ஆனது. மருந்து என்றால் சட்டம் வரும். மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது. அந்தப் பட்டியலில் ஆஸ்துமாவும் இருக்கிறது. பிரசாதத்தை அப்படிக் கேட்க முடியாது. பிரசாதம் என்று கொடுத்தாலும், வாங்க வருகிறவர் மருந்துக்காகத்தான் வருகிறார்.

"ஆனா போன வருஷம் போய்ட்டு வந்த பையனுக்குச் சரியாயிடுச்சே?" என்று அத்தை கேட்பார். நியாயமான கேள்வி. ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, வழி குறுகுகிறது. சில வாரங்களில் தானாகவே தளர்வதும் உண்டு. குழந்தைகளில் கணிசமானோருக்கு வயது ஏற ஏற அது விட்டே போகிறது. நோய் முற்றிய நிலையில்தான் ஒருவர் ரயிலேறி ஹைதராபாத் வருகிறார். அந்த உச்சத்திலிருந்து நோய் இறங்கத்தான் செய்யும். இறங்கும்போது மீன் பெயரை வாங்கிக்கொள்கிறது. குணமானவர் அடுத்த வருடம் பத்துப் பேரை அழைத்து வருகிறார். குணமாகாதவர் வருவதில்லை. வராதவர்களை யாரும் எண்ணுவதில்லை. அப்படி ஒருவர் வந்து கேட்டால், "பத்தியம் சரியாக இருந்தீர்களா? மூன்று வருடம் முடித்தீர்களா?" என்ற கேள்வி தயாராக இருக்கிறது. பலித்தால் மருந்தால், பலிக்காவிட்டால் நோயாளியால் என்றால், அந்த மருந்து எக்காலத்திலும் தோற்க முடியாது. என் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே நிறுத்திவிட்டால் படித்தவர்கள் பாமரரைக் குறை சொன்ன கூட்டமாக இது முடியும். அதை நான் விரும்பவில்லை. இதே ஊரில், இதே பிழையைப் பெரிய மருத்துவர்கள் செய்த வரலாறு உண்டு. நம்மவர் அதிகம் பேசாத வரலாறு அது.

1880களின் கடைசியில் எட்வர்ட் லாரி என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் இங்கே ரெசிடென்ஸி சர்ஜனாகவும் மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். அறுவை சிகிச்சைக்கு அன்று மயக்க மருந்தாகப் பெரிதும் பயன்பட்டது குளோரோஃபார்ம். அது சிலரைத் திடீரென்று கொன்றது. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுப்பதற்காகக் குளோரோஃபார்மை முகர்ந்த சில நிமிடங்களில் இறந்தாள். பயந்துபோயிருந்தாள், முகர்ந்ததும் கொஞ்சம்தான். இதயம் நின்றதா, மூச்சு நின்றதா என்ற சண்டை அன்று தொடங்கியது. மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்பது லாரி கற்ற எடின்பரோ பள்ளியின் கட்சி. தன் கையில் ஆயிரக்கணக்கானோர் ஆபத்தின்றி எழுந்திருக்கிறார்கள் என்றார் அவர். மற்றவர் கையில் நேர்ந்த சாவுகளுக்கு? கொடுத்தவர் மூச்சைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதே அவருடைய விளக்கம். பத்தியம் சரியாக இருந்தீர்களா என்பதன் மறுவடிவம்தான் இது.

ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் ஆதரவில் 1888இல் முதல் ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன் நடந்தது. மூச்சுதான் முதலில் நிற்கிறது என்ற அதன் முடிவை லண்டன் மருத்துவ இதழான லான்செட் ஏற்கவில்லை. உடனே நிஜாம் அரசு 1000 பவுண்டு கொடுத்து, லான்செட்டே ஒருவரை அனுப்பட்டும் என்றது. 1889இல் வந்தவர் லாடர் பிரண்டன், மருந்தியலில் அன்றைய பெரும் பெயர். குளோரோஃபார்ம் இதயத்தையும் நிறுத்தும் என்று நம்பியே அவர் கப்பலேறினார். நாய், குரங்கு, குதிரை என்று நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை நடந்தது. இரத்த அழுத்தத்தைக் கோடுகளாகப் பதிந்தார்கள், பதிவுகளைப் படமெடுத்தார்கள். அப்சல்கஞ்ச் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சி மருத்துவரும் இந்தப் பணியில் பங்கெடுத்தார். பிரண்டன் மனம் மாறினார். ஆபத்து மூச்சடைப்பிலும் மிகை அளவிலும்தான், நேரடியாக இதயத்தால் எதுவுமில்லை என்று லண்டனுக்குத் தந்தி போனது.

அந்த முடிவு தவறு. விலங்குகளுக்கு ஆழ்ந்த மயக்கம் கொடுத்து, அளவைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தார்கள்; அந்த நிலையில் மூச்சுதான் முதலில் நிற்கும். மனிதர்கள் செத்தது அங்கே அல்ல. மயக்கம் லேசாக இருக்கும் தொடக்கத்தில், பயத்தில் அட்ரினலின் சுரக்கும் நேரத்தில் செத்தார்கள். 1911இல் குட்மேன் லெவி பூனைகளுக்கு லேசான குளோரோஃபார்ம் கொடுத்து, அட்ரினலினையும் செலுத்தினார். இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து நின்றன. ஹன்னா கிரீனரின் சாவுக்கு 63 ஆண்டுகள் கழித்து ஒரு விளக்கம் கிடைத்தது. இடையில் ஹைதராபாத் அறிக்கையை நம்பி எத்தனை பேர் நாடியில் கை வைக்காமல் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

லாரியையும் கௌட் குடும்பத்தையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. லாரியின் தரப்பு தன் கோடுகளையும் படங்களையும் பிறர் பார்க்கக் கொடுத்தது. அதனால்தான் பிறரால் ஓட்டையைத் தேடவும் வேறு விதமாகச் சோதிக்கவும் முடிந்தது. மஞ்சள் பசை இன்னும் மூடிய உள்ளங்கையில்தான் இருக்கிறது.

அரசின் முத்திரையே சான்றிதழாகத் தெரிந்த அண்மைக் கதை ஒன்றுக்கும் வருகிறேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ்ஸில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்க வேண்டும். அதைப்போலப் பல மடங்கு சர்க்கரை உள்ள இனிப்புப் பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற எழுத்துகளோடு மருந்துக் கடையில் விற்றன. அவற்றைக் குடித்தால் குழந்தைக்குப் போக்கு அதிகமாகும். இந்த ஊர்க் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் கடிதம் எழுதினார், உயர் நீதிமன்றம் போனார். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் அந்த எழுத்துகளைப் போடுவதைத் தடுத்தது, சில மாதங்களில் எச்சரிக்கை வாசகத்தோடு அனுமதித்தது, 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. அந்த மூன்று ஆண்டுகளில் பெட்டி மேல் அரசு உரிம எண்ணைப் பார்த்து வாங்கிய தாய் என்ன தவறு செய்தார்?

இனி அத்தைக்கான பதில். நான் சொல்வது இதுதான்: "அத்தை, பேரனை முதலில் நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால் 'பழகிடும்' என்று பயந்து நிறுத்தாதீர்கள், அது பழக்கமாவதில்லை. மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைப்பது அதுதான், அளவும் மிகக் குறைவு. நீலப் பம்ப் அவசரத்துக்கு மட்டும். பையனுக்கு ஐந்தாறு வயதாகிவிட்டது என்றால் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்னக் குழாய் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் மும்மூன்று தடவை ஊதச் சொல்லி, அதில் பெரிய எண்ணை நோட்டில் எழுதுங்கள். நன்றாக இருக்கும் நாளையும் எழுதுங்கள், திணறும் நாளையும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் மீனுக்கு வரத்தான் வேண்டும் என்றால் என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். பம்பையும் நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், ஊருக்குத் திரும்பிய பிறகும் எழுதுவதை நிறுத்தாதீர்கள்."